கடைவரம்பு வரை: ஊர்நலச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, மூத்த அங்கத்தினர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

கடந்த ஆண்டு சங்கம் கையில் எடுத்த காரியங்களில் பெரும்பாலானவை தண்ணீரைச் சுற்றியே இருந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சானல், குளம், சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுத்த மனுக்கள் ஆகியவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஏன் நடந்தது, ஏன் நடக்கவில்லை என்பது தெரிந்தால்தான் அடுத்த ஆண்டு அதே இடத்தில் நிற்காமல் இருப்போம்.

பேச்சிப்பாறை அணைக்கு முழு மட்டம் 48 அடி, பெருஞ்சாணி அணைக்கு 77 அடி என்பது நமக்கு மனப்பாடம். பேப்பரில் அணை மட்டத்தைப் பார்த்து மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் அணையில் தண்ணீர் கிடப்பது வேறு, நம் மடையில் அது விழுவது வேறு. கன்னிப்பூவுக்கு, அதாவது முதல் போக நெல்லுக்கு, ஜூன் மாதம் அணை திறப்பது வழக்கம். தோவாளைச் சானல், அனந்தனார் சானல், நாஞ்சில்நாடு புத்தனார் சானல் எதுவானாலும், தலைப்பில் வந்த தண்ணீர் கடைவரம்புக்கு, அதாவது சானலின் கடைசி வயல்களுக்கு, வராமல் போவதற்குக் காரணங்கள் இவைதான்: பாசியும் ஆகாயத்தாமரையும் ஓட்டத்தைத் தடுப்பது, கரையில் நண்டு வளையும் மரவேரும் வழியாகக் கசிவது, ஷட்டர் ஏறவோ இறங்கவோ செய்யாமல் துருப்பிடித்துக் கிடப்பது, மேல்பகுதியில் முறை தவறி மடை திறப்பது. நான்கில் முதல் மூன்றும் மே மாதத்துக்குள் முடிக்கவேண்டிய வேலை. தண்ணீர் விட்ட பிறகு சானலுக்குள் இறங்கித் தூர்வார முடியாது. ஜூனில் போராடுவதைவிட மார்ச்சில் மனு கொடுப்பது மேல் என்று செயற்குழு முடிவெடுத்தது இதனால்தான்.

ஆகாயத்தாமரை வேலையில் கண்ட குறையை விரிவாகவே சொல்லவேண்டும். பொக்லைன் வைத்து அள்ளிக் கரையிலேயே குவித்துப் போட்டால், முதல் மழையில் பாதி திரும்பவும் குளத்துக்குள் சரிந்துவிடும். ஒரு துண்டுத் தண்டு தண்ணீரில் மிதந்தாலே போதும், அதிலிருந்து புதுச் செடி கிளைத்துவிடும். சேற்றில் விழுந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஆகவே அள்ளியதைக் கரைக்கு வெளிச்சரிவில் போட்டு, நன்றாக உலர்ந்தபின் வண்டியில் அப்புறப்படுத்த வேண்டும். இந்த அப்புறப்படுத்தும் செலவு மதிப்பீட்டில் எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். எழுதாவிட்டால் ஒப்பந்தக்காரர் செய்யமாட்டார், அவரைக் கேட்கவும் முடியாது. இன்னொன்று, வீட்டுச் சாக்கடை குளத்தில் விழுகிறவரை செடிக்கு உரம் போய்க்கொண்டே இருக்கும். எத்தனை முறை அள்ளினாலும் திரும்ப வரும். இதற்கு நாமும் பொறுப்பு.

ஷட்டருக்கு வருவோம். திருகுத் தண்டில் ஆண்டுக்கு ஒருமுறை துரு சுரண்டி கிரீஸ் பூசுவதும், இறக்கும் முன் அடியில் கல்லோ மட்டையோ சிக்கியிருக்கிறதா என்று துழாவிப் பார்ப்பதும் சின்ன வேலைகள். சிக்கிய மட்டையோடு பலமாகத் திருகினால் தண்டு வளைந்துவிடும். அப்புறம் அந்தப் பூ, அதாவது அந்தப் போகம் முழுவதும் மண்மூட்டை அடுக்கித்தான் தண்ணீரை மறிக்கவேண்டும்.

மனுக்கள் திரும்பி வருவதற்கு முக்கியமான காரணம், குளம் யாருடையது என்று தெரியாமலே எழுதுவது. ஆயக்கட்டு, அதாவது குளத்தால் பாசனம் பெறும் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம் என்பது தமிழ்நாட்டின் பொது வழக்கம். நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரிலிருந்து வந்தது. இங்கே சின்னக் குளங்களும் நீர்வளத் துறையின் கையில் இருக்கின்றன. அளவை மட்டும் நம்பி மனு எழுதக்கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேடு என்ற நிலப் பதிவேட்டில் சர்வே எண்ணையும் வகைப்பாட்டையும் பாருங்கள், புல வரைபடத்தின் நகலை வாங்குங்கள், எந்தத் துறையின் பராமரிப்பு என்பதை எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தரவேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கேள்வி கேட்கும்போது “ஏன் செய்யவில்லை” என்று எழுதாதீர்கள், அதற்குப் பதில் வராது. “இந்தச் சர்வே எண்ணில் உள்ள குளத்தின் பராமரிப்புப் பதிவேட்டின் நகல் வேண்டும்” என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

சட்டமன்ற உறுப்பினரால் எது முடியும், எது முடியாது என்பதில் நம்மிடையே குழப்பம் இருக்கிறது. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பணியைப் பரிந்துரைப்பது அவர். நிர்வாக அனுமதி தருவது மாவட்ட ஆட்சியர். செய்து முடிப்பது ஒன்றியமோ பேரூராட்சியோ துறையோ. பணம் அவர் கைக்கு வருவதில்லை. இந்த நிதியில் தனியார் நிலத்தில் கட்டமுடியாது, வழிபாட்டுத் தலங்களுக்குச் செலவிட முடியாது, நிலம் வாங்க முடியாது. கோயில் வளாகத்தில் கலையரங்கம் கேட்ட மனுவும், தனிப்பட்டாவில் போகும் பாதைக்குக் கான்கிரீட் கேட்ட மனுவும் நிற்காததற்கு வேறு காரணம் தேடவேண்டாம். பாதை கேட்பவர்கள் முதலில் அந்த நிலத்தை உள்ளாட்சிக்குத் தானமாகப் பதிவு செய்து கொடுத்து, பத்திர நகலோடு வரவேண்டும்.

சானல் பக்கச்சுவர், பெரிய பாலம் போன்றவற்றை இந்த நிதிக்குள் அடக்கப் பார்ப்பது வீண். அவை துறையின் பட்ஜெட்டில் வரவேண்டியவை. அதற்கு உறுப்பினர் சட்டமன்றத்தில் கேள்வி போடலாம், மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசலாம், மனுக்கள் குழுவுக்கு அனுப்பலாம். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 உறுப்பினர்களுக்கும் எழுதி, தொகுதியில் நெடுநாள் கிடப்பில் உள்ள பத்துப் பணிகளை முன்னுரிமைப்படி ஆட்சியரிடம் தரச் சொன்னது நினைவிருக்கும். பத்துக்குள் இடம் பிடிப்பது எளிதல்ல. பத்து வாக்கியத்தில் ஊர்க்கவலை முழுவதையும் கொட்டிய மனுவை யாரும் பட்டியலில் சேர்க்க முடியாது. ஒரு மனுவில் ஒரே பணி, அதன் சர்வே எண், நீளம் எத்தனை மீட்டர், பயன்பெறும் ஏலாவின் (வயல்வெளியின்) பரப்பு, நிழற்படம், கிராம சபைத் தீர்மான நகல்: இத்தனையும் இரண்டு தாளில் அடங்கவேண்டும். சட்டமன்றம் பட்ஜெட்டுக்குக் கூடும் முன், ஜனவரியிலேயே கொடுத்துவிடவேண்டும். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால், அனுமதி கிடைத்திருந்தாலும் தளத்தில் தொடங்காத வேலையைத் தொடங்கமுடியாது. இதையும் கணக்கில் வையுங்கள்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கடைசி நாள், 1956-ல் நம் நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்த நாளும் ஆகும். அன்று நம் ஊர் அரங்கு நிரம்பவேண்டும் என்பது என் ஆசை. ஊராட்சி மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துக் கிளம்பாமல், தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள். பேரூராட்சிப் பகுதியில் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்குக் கிராம சபை கிடையாது. அவர்கள் வார்டு உறுப்பினர் மூலம் மன்றக் கூட்டப் பொருளில் சேர்க்கவேண்டும்.

ஆக்கிரமிப்பு பற்றி. குளத்தை மடக்கியது கண்ணுக்குத் தெரிந்தாலும், 2007-ஆம் ஆண்டுக் குளப் பாதுகாப்புச் சட்டப்படி முதலில் அளவை, எல்லைக்கல், பிறகு நோட்டீஸ், அதற்கப்புறம்தான் அகற்றுவது. நோட்டீஸ் இல்லாமல் இடித்தால் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் தடை வாங்குவார்கள், இரண்டு மூன்று ஆண்டு போய்விடும். அவசரப்படுத்தாமல், அளவைத் தேதியை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதே நல்லது. அளக்கும் அன்று நம் ஆட்கள் பழைய எல்லை தெரிந்த பெரியவர்களோடு நிற்கவேண்டும்.

வண்டல் மண் வேண்டுவோர் வட்டாட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். அனுமதிக்கப்பட்ட அளவு ஏக்கருக்கு நஞ்சைக்கு 75, புஞ்சைக்கு 90 கனமீட்டர். மடைக்குப் பக்கத்திலும் கரையடியிலும் தோண்ட விடாதீர்கள், கரை பலமிழக்கும். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே வேலை என்றால் வனத்துறையையும் கேட்டாகவேண்டும். பறவைகள் கூடு கட்டும் காலத்தில் இயந்திரம் இறக்குவதை இச்சங்கம் ஏற்காது.

தெருவிளக்கு எரியாவிட்டால் உள்ளாட்சியிடமும், கம்பியோ கம்பமோ பழுதென்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணிலும் சொல்லுங்கள். இரண்டுக்கும் கம்ப எண் அவசியம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பது மூன்று: பிப்ரவரிக்குள் நம் பகுதி மடைகள், ஷட்டர்கள் அனைத்தையும் நடந்து பார்த்துப் பட்டியல் எடுப்பது; மார்ச் 22 கிராம சபையில் அந்தப் பட்டியலைத் தீர்மானமாக்குவது; மே 15-க்குள் எந்த வேலை முடிந்தது, எது முடியவில்லை என்று மறுபடியும் நடந்து பார்த்துச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது. நடந்து பார்க்க ஒவ்வொரு ஏலாவுக்கும் இருவர் வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள்.

இந்த அறிக்கையைச் சங்கப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்