தாய்ப்பால் வாரமும் மாணவர் தொண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு முதல் வாரத்தில், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் தாய்ப்பால் விழிப்புணர்வுப் பதாகைகளுடன் கடைவீதியில் ஊர்வலம் செல்லும் படங்களை நாளிதழ்களில் காண்கிறோம். கல்லூரியொன்றில் அத்திட்டத்தின் அலுவலராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பதாகையைப் படிக்க வேண்டியவர்கள் அந்த நேரத்தில் கடைவீதியில் இருப்பதில்லை.

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. ஆனால் அதே ஆய்வு, கருவுற்ற பெண்களில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகவும், பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் பத்தில் ஆறு பேர் அளவே எனவும் காட்டுகிறது. முந்தைய ஆய்வில் இரத்தசோகை 44.4 விழுக்காடாக இருந்தது என்பது கவலையைக் கூட்டுகிறது. பெருமைப்பட நிறைய உண்டுதான். எஞ்சியிருக்கும் குறை பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கிறது.

இரும்புச்சத்து மாத்திரை துணை சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டு நாள் குமட்டினாலோ மலம் கறுத்துப் போனாலோ அது அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாப்பிடுபவர்களிலும் பலர் அதைத் தேநீரோடு விழுங்குவதால் சத்து உடலில் சரியாகச் சேர்வதில்லை. குழந்தை பிறந்ததும், குடும்பத்தில் நல்ல குணமுள்ள ஒருவர் சேனை தொட்டு வைக்க வேண்டும் என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவும் வழக்கம் பல ஊர்களில் இன்றும் இருக்கிறது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். அவர்களிடம் யாரும் பொறுமையாக உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவே.

கிராம சுகாதாரச் செவிலியர் பேசலாமே என்று கேட்கலாம். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. தடுப்பூசி, பரிசோதனை, கணினிப் பதிவு எல்லாம் முடித்து, ஒரு மாமியாரிடம் அரைமணி நேரம் பேச அவருக்கு எங்கே ஓய்வு? அந்த அரைமணி நேரத்தை மாணவர்களால் தர முடியும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டாண்டுகள் பணியாற்ற வேண்டும். கோயில் குளத்தைத் தூர்வாரும் ஏழு நாள் முகாம் ஒருபுறம் இருக்கட்டும். மீதி நேரத்தில், செவிலியர் காட்டும் நான்கைந்து வீடுகளுக்கு, கருவுற்றது முதல் குழந்தைக்கு இணை உணவு தொடங்கும் வரை, அதே மாணவர்கள் தொடர்ந்து சென்று வர ஏற்பாடு செய்தால் என்ன?

குறிப்பாக, மாணவர்களை, அதாவது ஆண் பிள்ளைகளை, விலக்கி வைக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் கூச்சப்படுவார்கள். ஆனால் மாத்திரைக்கு நினைவூட்டுவதும் பரிசோதனை நாளில் வேலைக்கு விடுப்பெடுத்து உடன் செல்வதும் கணவனின் கடமை என்பதை, தன் வயதையொட்டிய ஓர் இளைஞன் சொன்னால் அந்தக் கணவன் காது கொடுப்பான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்ப் பயன், பதிவெண்ணிலோ வங்கிக் கணக்கிலோ உள்ள சிறு பிழையால் தடைப்படும் வீடுகளில், அதைச் சரிசெய்ய எங்கே போக வேண்டும் என்று சொல்லவும் மாணவர்கள் உதவலாம்.

எல்லையும் வகுக்க வேண்டும். மாணவர்கள் மருந்து சொல்லக் கூடாது. வீட்டில் கேட்டதை வெளியே பேசக் கூடாது. தாயையும் சேயையும் படமெடுத்து வலைத்தளங்களில் போடவே கூடாது. காய்ச்சல், இரத்தப்போக்கு, குழந்தை பால் குடிக்க மறுப்பது போன்றவற்றைக் கண்டால், உடனே செவிலியருக்குத் தெரிவித்து 108-ஐ அழைப்பதோடு அவர்கள் வேலை முடிகிறது. இதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு நாள் பயிற்சி போதும்.

வரும் கல்வியாண்டு தொடங்குமுன் உயர்கல்வித் துறையும் பொதுச் சுகாதாரத் துறையும் கலந்து பேசி, ஒரு மாவட்டத்திலாவது இதைத் தொடங்கிப் பார்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.