கோட்டை நிலையத்தில் உதவிய அண்ணாவுக்கு

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வரும் பெரியம்மாவை வரவேற்று, காங்கேசன்துறையிலேயே தங்கி ஊர் பார்ப்பதாகத் திட்டம். கொழும்பு கோட்டையில் ரயிலுக்குப் போகும்போது விடுதியிலிருந்து அழைப்பு: அறை இல்லையாம்! முன்பணம் வாங்கியவர்கள் பேசும் பேச்சா இது?

பக்கத்தில் வந்த நீங்கள் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. முழங்கால் வலியோடு நின்ற அம்மாவைக் கைப்பிடித்து, மேம்பாலப் படிகளில் ஒவ்வொன்றாக இறக்கிவிட்டீர்கள். பிறகு தெல்லிப்பழையில் இருக்கும் உங்கள் அக்காவை அழைத்து, “தெரிந்த ஆட்கள்தான், மேல் அறையைத் திறந்து வையுங்கள்” என்றீர்கள். எங்களை உங்களுக்கு எங்கே தெரியும், அண்ணா? ஒரு துண்டுக் கடதாசியில் மாவிட்டபுரம், கீரிமலை என்று வழியும் எழுதித் தந்தீர்கள். ‘கீரிமலைக்கு விடியற்காலையில் போங்கள், பெண்களுக்குத் தனிக் கேணி இருக்கிறது’ என்பதற்கு அடியில் இரட்டைக் கோடு வேறு.

2023இல் தொடங்கிய அந்தக் கப்பல் சேவை, கடல் கொந்தளித்தால் நின்றுவிடும். எங்களுக்கும் அப்படித்தான் தள்ளிப்போனது. கூடுதலாகத் தங்கியதற்கு அக்கா ஒரு சதமும் வாங்கவில்லை. உங்கள் இலக்கத்தைக் கேட்டால், “தம்பி கூச்சப்படுவான்” என்று சிரித்து மழுப்பிவிட்டார். அதனால்தான் இந்தப் பதிவு.

வெள்ளவத்தைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். பெரியம்மா கொண்டுவந்த அல்வாவில் ஒரு பொட்டலத்தை உங்களுக்கென்று ஒளித்து வைத்திருக்கிறார். பிள்ளைகள் கண்டுபிடிப்பதற்குள் வந்தால் நல்லது.