ரிங் கம்பியின் கொக்கியைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பர்மாவில், பெகுவில் இருந்து எழுதுகிறேன். உங்கள் பத்திரிகையின் வீட்டு இணைப்பை விடாமல் படிப்பவன், ஆனால் இங்கே கரண்டும் இணையமும் ஒன்றாக வருகிற நேரம் பார்த்துத்தான் படிக்க முடியும் என்பதால் எப்போதும் ஒரு வாரம் பிந்திவிடும். போன மாதம் வெள்ளம் வருகிற இடங்களில் வீடு கட்டுவது பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். கீழே சுவரே எழுப்பாமல் தூண்களை மட்டும் நிறுத்தி, அந்த இடத்தில் கார், பைக் விட்டுக்கொண்டு மேலே குடியிருந்தால் தண்ணீர் வந்தாலும் கவலையில்லை என்று எழுதியிருந்தார் அந்தப் பொறியாளர். தண்ணீருக்குச் சரி. பூமி ஆடினால் அந்த வீடு என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை, அப்போது தூணைக் காக்கிற ரிங் கம்பியின் கொக்கியைப் பற்றியும் இல்லை. நான் சொந்த வீடு கட்டிக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது, சுண்ணாம்பு வாசனைகூட இன்னும் போகவில்லை, அந்தச் சூட்டில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊருக்கு இரண்டு பயம். ஒன்று ஆறு. 2023 அக்டோபரில் பெகு ஆறு ஊருக்குள் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், வடிந்த பிறகு பக்கத்து வீட்டுச் சுவரில் சேறு ஒரு கோடு போட்டுவிட்டுப் போனது. இன்னொன்று நிலத்துக்கு அடியில் இருக்கிறது. சகாயிங் பிளவு என்று சொல்வார்கள், வடக்கே இருந்து தெற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நாட்டையே நீளவாக்கில் கீறிக்கொண்டு போகிறது, பெகு பக்கமாகத்தான் கடலுக்கு இறங்குகிறது. 1930 மே 5 அன்று இந்தத் தெற்குப் பகுதி அசைந்ததில்தான் பெகுவே தரைமட்டமானது. என் தாத்தாவுக்கு அப்போது பத்து வயது. ராத்திரி நேரம், நெல் மில் லைன் வீட்டில் படுத்திருந்தவர்களை யாரோ முறத்தில் போட்டுப் புடைத்த மாதிரி இருந்தது என்பார். எங்கள் ஊரின் பெரிய புத்த கோபுரமான ஷ்வேமாதோ பகோடா அன்றைக்குச் சரிந்ததுதான், திரும்பக் கட்டி முடிக்க 1954 ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்த வளாகத்தில், பழைய கோபுரத்தில் இருந்து விழுந்த செங்கல் பாளம் ஒன்று விழுந்தபடியே கிடக்கிறது. ஊருக்கு வருகிற உறவுக்காரர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், நானும்தான் எடுத்திருக்கிறேன், வீடு கட்டுகிற வரைக்கும் அது என்ன சொல்கிறது என்று யோசித்ததில்லை.

ஆறு உயரத் தூக்கிக் கட்டு என்கிறது. பிளவு கனத்தைத் தூக்கி மேலே வைக்காதே என்கிறது. வீடு கட்டுகிறவனுக்கு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிழைப்பு.

பழைய பர்மா வீடு இதற்கு ஒரு வழி வைத்திருந்தது. மரக்கால் மேல் மரவீடு, மேலே தகரமோ ஓலையோ. கால்கள் ஆடினாலும் மேலே கனம் இல்லாததால் கிறீச்சென்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடும். நாம் செய்கிற கோளாறு என்னவென்றால், அதே உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு மரத்துக்குப் பதிலாகக் கான்கிரீட்டையும் செங்கல்லையும் போடுவது. கீழே வெறும் தூண், மேலே ஒன்பது அங்குலச் சுவரும் தளமுமாக மொத்தக் கனம். ஆடும்போது மேல்பகுதி ஒரே பெட்டியாக நிற்கும், வளைகிற வேலை முழுக்கக் கீழே இருக்கிற நாலு தூணின் தலையிலும் காலிலும் வந்து விழும். உங்கள் நாட்டிலேயே 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல இப்படிக் கீழே கார் நிறுத்த இடம் விட்டுக் கட்டியவைதானே. சென்னையும் நிலநடுக்க ஆபத்து மிதமாக உள்ள மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது. கட்டுரை எழுதியவருக்கு இது தெரியாமல் இருக்காது, இடம் போதவில்லையோ என்னவோ.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பத்திர வேலையைப் பற்றி எழுதவில்லை, அதற்கே ஒரு வருடம் போனது, அது தனிப் புராணம். பக்கத்து வீட்டுச் சேற்றுக் கோட்டுக்கு மேல் ஒரு அடி கணக்கு வைத்து அஸ்திவாரத்தை உயர்த்தினோம். தூணில் தூக்காமல் நான்கு பக்கமும் கட்டி உள்ளே செம்மண் கிராவல் நிரப்பினோம். எட்டு அங்குலம் கொட்டுவது, தண்ணீர் விடுவது, திமிசு போட்டு இடிப்பது, மறுபடி எட்டு அங்குலம். லாரிக்காரர் மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகத்தான் பார்த்தார், வாசலை மறித்து நின்றேன். கீழ்த்தளத்தில் எல்லா அறைகளுக்கும் செங்கல் சுவர், ஜன்னல் தலைக்கு மேல் வீட்டைச் சுற்றி ஒரே தொடர்ச்சியாகக் கான்கிரீட் பெல்ட். மாடியில் முழுக்க மரம், நம்மூரில் இருள் மரம் என்பதை இங்கே பியிங்கடோ என்பார்கள், அதில் சட்டம், பலகைச் சுவர், மேலே தகரம்.

தகரம் என்றதும் வீட்டில் பெரிய சண்டை. காரைக்குடியில் இருக்கும் அக்கா வீட்டைப் பார்த்துவிட்டு வந்ததில் இருந்து என் மனைவிக்கு மொட்டைமாடி வேண்டும், வடகம் காயப்போட, ராத்திரி காற்று வாங்க. 800 சதுர அடிக்கு ஐந்து அங்குலம் கான்கிரீட் போட்டால் 23 டன்னுக்கு மேல் வரும், தகரமும் சட்டமும் சேர்த்து அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். "உங்க தலைக்கு மேல 23 டன் வேணாம், என் தலைக்கு மேல மழைச் சத்தம் மட்டும் வேணுமா?" என்று கேட்டாள். மே பாதியில் ஆரம்பித்து அக்டோபர் வரை இங்கே பெய்கிற மழைக்குத் தகரத்தின் கீழ் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, அது உண்மை. கடைசியில் பலகையில் உள்கூரை அடித்துக் கொடுத்துச் சமாதானம் ஆனது. வடகம் இப்போது முற்றத்தில் காய்கிறது, காக்கையை நான்தான் விரட்ட வேண்டும்.

தூணிலும் ஒரு பஞ்சாயத்து. இங்கேயும் ஒன்பது அங்குலத் தூண்தான் எல்லோரும் போடுவது, சுவரோடு சுவராக மறைந்துவிடும், பார்க்க அழகு. சிங்கப்பூரில் கட்டட வேலை மேற்பார்வை பார்க்கிற என் தம்பி மகன் "பெரியப்பா, 12 அங்குலத்துக்குக் குறைக்காதீங்க" என்று சொல்லிவிட்டான், இந்தியத் தர விதியிலும் நிலநடுக்கத்துக்கு அதுதான் குறைந்த அளவாம். அப்படியே போட்டோம். இப்போது கூடத்தில் மூன்று அங்குலம் மூக்கு நீட்டிக்கொண்டு ஒரு தூண் நிற்கிறது, முன்கூட்டியே வாங்கி வைத்த பீரோ அந்த மூலையில் நுழையவில்லை. அது இன்றுவரை படியடியில் நிற்கிறது, போகிற வருகிற எல்லோரும் அதில் இடித்துக்கொள்கிறோம்.

இனி கொக்கிக்கு வருகிறேன், கடிதமே அதற்காகத்தான்.

தூணில் நிற்கிற கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற சதுர ரிங் இருக்கிறதே, அதன் இரண்டு முனையும் ஒரு மூலையில் வந்து சேரும். எங்கள் மேஸ்திரி நம்மாள்தான், நாலாவது தலைமுறை, கை சுத்தமானவர், ஆனால் அவரும் அந்த முனையை நேராக, எல் வடிவில்தான் மடக்குவார். ஆணி அடித்த பலகை மேல் கம்பியை வைத்து, கம்பி வளைக்கிற சாவியால் நாலு இழுப்பு, ஒரு ரிங் தயார். எல் வடிவில் இருந்தால் பக்கவாட்டிலேயே விரித்து உள்ளே நுழைத்துக் கட்டிவிடலாம், சுலபம். ஆனால் ஆட்டத்தில் தூணின் மேல்தோல் உதிர்ந்துவிட்டால் அந்த முனையைப் பிடிக்க ஒன்றும் இருக்காது. வேட்டி முடிச்சு அவிழ்ந்த மாதிரி ரிங் திறந்துகொள்ளும், நிற்கிற கம்பிகள் வெளியே பிதுங்கும், அதோடு தூண் முடிந்தது. முனையை இன்னும் உள்ளே வளைத்து, 135 டிகிரிக்குக் கொண்டுவந்து, கம்பித் தடிமனைப் போல ஆறு மடங்கு, எப்படியும் இரண்டரை அங்குலத்துக்குக் குறையாமல் வால் விட்டால் அது தூணின் நெஞ்சுக்குள் புதைந்து நிற்கும், தோல் போனாலும் பிடி விடாது. கஷ்டம் என்னவென்றால் அப்படி வளைத்த ரிங்கைப் பக்கத்தில் இருந்து நுழைக்க முடியாது, கம்பியின் உச்சியில் இருந்து ஒவ்வொன்றாகக் கோத்து இறக்க வேண்டும். தூணின் தலைப்பக்கமும் கால்பக்கமும் ஒன்றரை அடிக்கு நாலு அங்குலத்துக்கு ஒன்று, பீம் வந்து சேருகிற முட்டிக்குள்ளும் விடாமல் போட வேண்டும். அந்த முட்டிக்குள் கையே நுழையாது, அதனால்தான் எல்லா ஊரிலும் அங்கே ரிங்கை முழுங்கிவிடுகிறார்கள்.

நான் நிலத்துக்கான கிராண்ட் தாள் விஷயமாக ரங்கூனுக்குப் போய் இரண்டு நாள் கழித்து வந்தால் இரண்டு தூண் வார்த்தாகிவிட்டது, பழைய எல் ரிங்கோடு. கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். மேஸ்திரி சிரித்தார். "அண்ணே, இத்தனை வருசமா இப்படித்தான் கட்டுறோம். எந்த வீடு விழுந்துச்சு சொல்லுங்க?" பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் ஒன்றும் விழவில்லை, 1930க்குப் பிறகு இந்தப் பகுதிப் பிளவு அப்படிப் புரண்டதே இல்லையே. இடிக்கச் சொன்னேன். கோபித்துக்கொண்டு நாலு நாள் வரவில்லை. உண்மையில் தப்பு என்னுடையது. ஒப்பந்தத் தாளில் குளியலறை டைல்ஸ் என்ன நிறம் என்பது வரைக்கும் எழுதியிருந்தோம், ரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இடித்துத் திரும்ப வார்க்கிற கூலியை நானே கொடுத்தேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், 12 தூணுக்கு ஏறக்குறைய 360 ரிங், கொக்கிக்காக ஒன்றுக்கு இரண்டு அங்குலம் கூடுதல், மொத்தம் 60 அடி, எட்டு மில்லிமீட்டர் கம்பியில் ஏழு கிலோ சொச்சம். இந்த ஏழு கிலோவுக்காகத்தான் இவ்வளவு ரகளையும்.

இது நடந்தது 2025 பிப்ரவரியில். மார்ச் 28, வெள்ளிக்கிழமை, மதியம் 12.50க்கு நிலம் ஆடியது. வேலையாட்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். தூண் தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் எல்லாம் தென்னங்கீற்று மாதிரி ஆடின, கான்கிரீட்டை நனைத்து இறுக வைக்கிற கியூரிங்குக்கு வைத்திருந்த டிரம் தண்ணீர் தானாகத் தளும்பிக் கீழே ஊற்றியது. யாரும் பேசவில்லை. எங்களுக்குப் புதுச் சுவரில் இரண்டு வரிசை கலவை விட்டுப்போனது, அவ்வளவுதான், பிரித்துக் கட்டினோம். மண்டலே, சகாயிங், நேபிடாவில் நடந்ததை நீங்களே செய்தியாகப் போட்டீர்கள், 7.7 அளவு, மூவாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள். மண்டலே படங்களில் திரும்பத் திரும்ப ஒரே காட்சி, முன்பக்கம் திறந்த கடைகளாக இருந்த கீழ்த்தளம் காணாமல்போய், மாடி மட்டும் தெருவில் உட்கார்ந்திருக்கும். அன்று சாயங்காலம் மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் ஒரு எல் ரிங்கை எடுத்து முனையைக் கையால் நெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீடு சோதனையில் தேறிவிட்டது என்று நான் சொல்லவில்லை, அப்போது அங்கே வீடே இல்லை, மேல்கனம் இல்லாத தூண்கள்தான் நின்றன.

அதற்குப் பிறகு வேலை நத்தையாக நகர்ந்தது. ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழாவும் நம் சித்திரை வருடப்பிறப்பும் ஒன்றாக வந்து பத்து நாள் ஆள் கிடையாது, உடனே மழை. இளவட்டங்கள் எல்லாம் தாய்லாந்து, மலேசியா என்று போய்விட்டதால் கம்பி கட்டுகிற கை கிடைப்பதே அபூர்வம். பம்புக்குக் கரண்ட் இல்லாமல் கீழ்த்தளத்துக்கு மேல் போட்ட தளத்துக்கு நானும் மனைவியும் குடத்தில் தண்ணீர் சுமந்து பத்து நாள் ஊற்றினோம். ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியை மட்டும் வீட்டின் தலையில் ஏற்றாமல் கொல்லையில் தனி மேடையில் வைத்தோம், குழாயில் வேகம் குறைவுதான், பழகிவிட்டது.

உங்களிடம் கேட்பது இரண்டு. அந்த ரிங் கொக்கியை, எல் வடிவம் ஒன்று, உள்ளே வளைத்தது ஒன்று, பக்கத்தில் பக்கம், நிஜ அளவிலேயே படமாகப் போடுங்கள், வெட்டி எடுத்து மேஸ்திரி கையில் கொடுக்கிற மாதிரி. இன்னொன்று, 1964க்குப் பிறகு இங்கிருந்து கப்பலேறிய என் சித்தப்பாவின் பிள்ளைகள் இப்போது வேளச்சேரியில், கீழே வெறும் தூண் நிற்கிற ஒரு அடுக்குமாடியில் இரண்டாவது மாடியில் இருக்கிறார்கள். ஏற்கனவே கட்டி முடித்த அப்படிப்பட்ட கட்டடத்தில் சில தூண்களுக்கு நடுவில் சுவர் எழுப்பியோ, தூணைச் சுற்றிக் கூடுதல் கான்கிரீட் உறை போட்டோ பலப்படுத்தலாம் என்று தம்பி மகன் சொல்கிறான். எந்த இடத்தில், யாரிடம் கேட்டு, குடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து செலவை எப்படிப் பிரித்துக்கொண்டு செய்வது என்று உங்கள் பொறியாளரை ஒரு வாரம் எழுதச் சொல்லுங்கள், அந்தப் பக்கத்தை அவர்களுக்கு நானே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பெகு வாசகர் ஒருவர்