பேத்தி கார்டுல ஒரே ஒரு வார்த்தை

கண்ணம்மா,

பேர் வைக்கிற ஃபங்ஷனுக்கு நீ வாட்ஸ்அப்ல அனுப்புன கார்டு மேட்டர காலைலேருந்து நாலு தடவ படிச்சிட்டேன், அம்மாவுக்கும் படிச்சு காட்டுனேன், பாப்பா போட்டோவ பாத்ததும் அவளுக்கு கண்ணு கலங்கிடுச்சு. ஒரு எடம் மட்டும் மாத்தணும்டா. உங்க ரெண்டு பேர் பேருக்கு முன்னாடி "பார்ன் ஃபார்"னு போட்டிருக்க, அது "பார்ன் டு"ன்னு வரணும்.

"எங்களுக்கு பொறந்தவ"ன்னு தமிழ்ல நெனச்சுதான எழுதியிருப்ப, அந்த "கு" பல வேல பாக்கும். "கூலிக்கு வேலை"ன்னா அதுக்காகன்னு அர்த்தம், "ராமனுக்கு தம்பி"ன்னா உறவு. நன்னூல்ல நாலாம் வேற்றுமைக்கு பொருட்டு, முறைன்னு இத தனித்தனியாவே சொல்லியிருக்கு. இங்கிலீஷ்ல பொருட்டுக்குதான் ஃபார், பெத்தவங்க முறைக்கு டு.

சென்னை ஆண்டர்சன் தெருவுல 26 வருஷம் கார்டு ப்ரூஃப் பாத்தவன் நானே இந்த வார்த்தைல ஒரு தடவ கோட்ட விட்டிருக்கேன், நீ அப்போ ஏழாவது. காதுகுத்து பத்திரிகை, ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ், "பார்ன்" கடைசில ஒரு ஈ எழுத்து கூட சேந்து 500 கார்டும் அடிச்சாச்சு, நாலு மூலைலயும் மஞ்சள் கூட தடவியாச்சு. வாங்க வந்த தாத்தா ரிட்டயர்டு வாத்தியார், சத்தம் போடல, கண்ணாடிய நெத்திக்கு ஏத்திட்டு விரல அந்த ஈ மேல வச்சு, "தம்பி, இது சுமந்ததுக்கு, பொறந்ததுக்கு இல்ல"ன்னார். ஈ இருக்கறதும் இல்லாததும் ஒரே வினைச்சொல்லுதான், ஆனா கொழந்தைய பத்தி கார்டுல இப்படி எழுதறப்ப, பின்னாடி "பை" போட்டு அம்மா பேர் வந்தாதான் அந்த ஈ வரும். ராத்திரியோட ராத்திரியா மறுபடி அடிச்சோம், பேப்பர் காசு என் சம்பளத்துல புடிச்சாங்க, விடியற வரைக்கும் கையெல்லாம் மஞ்ச வாசன.

"ஃப்ரம்" போடவே போடாத. "ஆஃப்" பழைய நடை, தப்பில்ல, ஆனா கார்டுக்கு வேணாம். டு-வுக்கு அப்புறம் நேரா உங்க பேர் வரணும், வினைச்சொல் வந்தா அர்த்தமே மாறிடும், "பார்ன் டு சிங்"னா பாடவே பொறந்தவன்னு ஆயிடும்.

கீழ "கிராண்ட்டாட்டர் ஆஃப்"னு சம்பந்தி வீட்டு ரெண்டு பேரையும் எங்க ரெண்டு பேரையும் போடு, அங்க ஆஃப்தான் சரி. அவங்க பேர் முதல்ல வரட்டும். அம்மா பேர விட்றாத, கேக்க மாட்டா, ஆனா தேடுவா.

பிரிண்டுக்கு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ எனக்கு அனுப்பு, இங்க எந்த நேரமா இருந்தாலும் சரி.

அப்பா