பெக்கோவும் கைகாட்ட ஆளில்லாத ஒழுங்கையும்

அன்பின் குகன்,

உன் கடிதம் கிடைத்தது. உன் அக்காவின் மகன் வேலை செய்கிற இடத்தை ஒருக்கால் போய்ப் பார்க்கச் சொல்லியிருந்தாய். பார்த்தேன். இங்கே யாழ்ப்பாணத்தில், கோண்டாவில் பக்கம் ஓர் ஒழுங்கையில் தண்ணீர்க் குழாய் தாழ்க்கிறார்கள். பொடியன் கெட்டிக்காரன். இரண்டு பக்கமும் மதில் நெருக்குகிற இடத்தில், ஒன்றையும் உரசாமல் பெக்கோவின், அதுதான் பின்பக்கத்தால் மண் வெட்டுகிற இயந்திரத்தின், கையைச் சுழற்றுகிறான். அக்காவிடம் தைரியமாகச் சொல், கையில் தொழில் இருக்கிறது.

என் கவலை வேறு. குழாய்க்குக் கிடங்கு, அதாவது பள்ளம், வெட்டும்போது அவன் பின்பக்கம் திரும்பி இருக்கிறான். ஒரு துண்டு முடிந்ததும் இருக்கையைத் திருப்பி ஓட்டாமல், வாளியை நிலத்தில் ஊன்றி இயந்திரத்தை அடுத்த துண்டுக்குத் தள்ளிவிடுகிறான். அநேகமான ஒப்பரேற்றர்மார் செய்கிறதுதான், நேரம் மிச்சம். ஆனால் இயந்திரம் நகருகிற பக்கம் அவனுடைய முதுகு. றிவேர்ஸ் கியர் விழாததால் எச்சரிக்கைச் சத்தமும் வராது. அந்தப் பக்கத்தில்தான் குழாய்களை அடுக்கியிருந்தார்கள். அதன்மேல் இரண்டு பேர் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெல்மெற், மஞ்சள் அங்கி எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். ஏழெட்டுத் தொன் எடை வந்து ஏறினால் ஹெல்மெற் என்ன செய்யும்?

கனடாவில் உங்கள் ஒன்ராறியோவின் 213/91 கட்டட வேலைப் பாதுகாப்பு ஒழுங்குவிதியில் எனக்குப் பிடித்தது அது சொல்லுகிற வரிசை. முதலில், றிவேர்ஸ் போகிற தேவையே முடிந்தளவு வராதபடி வேலையைத் திட்டமிடு. அதற்கு வழியில்லை, ஓட்டுகிறவருக்குப் பார்வையும் மறைகிறது என்றால் கைகாட்ட ஓர் ஆளை நிறுத்து. இங்கே ஆளும் இல்லை, திட்டமும் இல்லை.

இலங்கையில் சட்டம் இல்லை என்று நினைக்காதே. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட வேலைகளையும் தொடுகிறது. விபத்து நடந்தால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. ஜேசிபி கம்பனி தன் முதல் பெக்கோவைச் செய்ததே 1953இல்தான். இயந்திரத்தைவிடச் சட்டத்துக்கு வயது கூட, பார்!

குறை எங்கே என்று கேட்டால் நான் பிஓகியூவை, அதாவது வேலைக்கு விலை போடுகிற அளவுப் பட்டியலைத்தான் காட்டுவேன். நான் பார்த்த பட்டியல்களில் ‘பாதுகாப்பு ஏற்பாடுகள்’ என்று ஒரே ஒரு வரி, மொத்தமாக ஒரு தொகை. விலையைக் குறைக்க வேண்டி வந்தால் முதலில் கை வைப்பது அந்த வரியில். ஹெல்மெற்றை ஒருதரம் வாங்கினால் போதும், வேலைத்தளத்தில் எடுக்கிற படத்திலும் தெரியும். கைகாட்டுகிறவருக்கு நாள்தோறும் சம்பளம் போகும், படத்தில் அவர் சும்மா நிற்கிற மாதிரித்தான் தெரிவார். அவருடைய கூலியை இத்தனை ஆள்நாள் என்று தனி வரியாகப் போட்டுவிட்டால், செய்யாத வேலைக்கு யாரும் பில் போட முடியாது. ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னேன். “என்ன அண்ணை, சும்மா நிக்கிறவனுக்குக் காசு குடுக்கச் சொல்லுறியள்?” என்று கேட்டார் ஒரு கொந்தராத்துக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நான் விடப்போவதில்லை.

கிடங்கு விசயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு வீண் தைரியம் உண்டு. கீழே சுண்ணாம்புக் கல், சரியாது என்பார்கள். கல் நிற்கும், மேலே கிடக்கிற செம்மண் நிற்குமா? அதிலும் வெட்டிய மண்ணைக் கிடங்கின் வாயிலேயே குவித்து வைக்கிறார்கள். ஒரு கன மீற்றர் மண் ஏறக்குறைய ஒன்றரைத் தொன் வரும். மாரி மழை பெய்தால் இன்னும் கூடும். உங்கள் பக்கம் 1.2 மீற்றருக்கு மேல் ஆழம் போனாலே, ஆள் இறங்குமுன் பக்கச் சுவருக்குத் தாங்கல் கொடுக்க வேண்டும் அல்லது சரிவாக வெட்ட வேண்டும். இங்கே கழுத்தளவு கிடங்கிலும் ஏணிகூட இல்லாமல் குதிக்கிறார்கள். அந்தக் கல்லையும் முழுக்க நம்ப முடியாது. சுண்ணாம்புக் கல் குழிந்து உண்டான நிலாவரைக் கிணற்றைப் பார்த்து வளர்ந்த நமக்கு, நிலத்துக்குக் கீழே வெற்றிடம் இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டுமா? கிரேனின் கால்களுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டை வைத்துவிட்டுத் தூக்கத் தொடங்குகிறார்கள். கேட்டால் இவ்வளவு நாளும் ஒன்றும் நடக்கவில்லையாம்.

டிப்பர்காரரைப் பார்த்தால்தான் எனக்கு நெஞ்சு பதறும். கல்லைக் கொட்டிவிட்டுப் பெட்டியை இறக்காமலே நகருவார்கள், மேலே உயரழுத்த மின்கம்பி. பட்டுவிட்டால் பதறிப்போய் இறங்குவதுதான் பெரிய ஆபத்து. கம்பியில் மின்சாரம் நிறுத்தப்படும்வரை உள்ளேயே இருக்க வேண்டும், மற்றவர்கள் கிட்டவும் வரக்கூடாது. தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் நிலத்தையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வேண்டும். பிறகு பாதங்களைத் தூக்காமல் நிலத்தில் தேய்த்தபடி விலக வேண்டும். நிலத்தில் மின்னழுத்தம் இடத்துக்கு இடம் மாறும், எட்டி நடந்தால் மின்சாரம் ஒரு காலால் ஏறி மறு காலால் இறங்கும். இதைப் பொடியனுக்கு இரண்டு தரம் சொல்லி, திருப்பியும் சொல்லவைத்தேன்.

உங்கள் விதிப் புத்தகத்தில் இல்லாத ஒன்றும் நமக்கு இருக்கிறது. வாளியில் போர்க்காலத்துப் பழைய ஷெல் தட்டுப்பட்டால் இயந்திரத்தை நிறுத்து, தொடாதே, ஆட்களை விலக்கு, பொலிசுக்குச் சொல். இதை மட்டும் யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை, தானாகவே செய்கிறார்கள்.

பொடியன் கிளீனராக, அதாவது ஒப்பரேற்றருக்கு உதவியாளாக, நின்று பழகினவன், கையில் ஒரு பேப்பரும் இல்லை. செய்து பழகிய அனுபவத்தைச் சோதித்தே என்விகியூ என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கிற வழி இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபையான நைட்டாவில் விசாரிக்கச் சொன்னேன். சம்பளம் கூடுமோ தெரியாது, ஆனால் “இப்படி ஓட்டமாட்டேன்” என்று சொல்ல ஒரு பலம் வரும்.

அப்புறம் ஒரு உதவி. உங்கள் சைற்றில் கை அடையாளங்கள் போட்ட தாள் இருக்கும்தானே? ஒரு படம் எடுத்து அனுப்பு. இங்கே ஒருவர் நிறுத்து என்பதற்கு ஒரு கையைத் தூக்குகிறார், இன்னொருவர் இரண்டு கையையும் வீசுகிறார். ஒப்பரேற்றர் எதைப் பார்த்து நிறுத்துவது? தமிழில் எழுதி ஒட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதென்றால் ரிக்கற் போடுமுன் திகதியைச் சொல், நானும் லீவு கேட்க வேண்டும்.

அன்புடன்,
சிவா