உரக்க வாசிக்கச் சொல்லாதே

அன்புள்ள பாப்பா,

நலம், நலமறிய ஆவல். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "மீட்டிங்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். கடிதத்தை யாரும் பாதியில் கட் பண்ண முடியாது.

அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. மேலத்தெரு வீட்டு வாடகை வந்துவிட்டது. பெரியம்மா வீட்டுக் கல்யாணத்துக்கு நீ வராததைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, கேட்டவர்களிடமும் "அவளுக்கு ஆபீஸ்" என்று முடித்துவிட்டேன். மற்ற சேதியெல்லாம் இருக்கட்டும், என் பேரன் முத்துவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

லீவுக்கு வந்திருந்தபோது சாயங்காலம் ஆனால் புத்தகத்தோடு என் பக்கத்தில் உட்காருவான். நான் ஒன்றும் பரீட்சை வைக்கவில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கோபப்படாமல் கேள். தமிழை அவன் தப்பாக வாசிக்கவில்லை, மெதுவாக வாசிக்கிறான். 'கொக்கு' என்று இருந்தால் ஒற்றைக்கொம்பைப் பார்த்ததும் 'கெ' என்று ஆரம்பிக்கிறான். பிறகு துணைக்கால் கண்ணில் படுகிறது. நிறுத்தி, பின்னால் வந்து, 'கொ' என்கிறான். கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் கண் ஒரே வீச்சில் அள்ளவேண்டும், நாலாம் வகுப்பில் அது தன்னால் நடக்கவேண்டும். அவனுக்கு ஒவ்வொரு தடவையும் யோசித்தால்தான் நடக்கிறது. 'பள்ளிக்கூடத்திலிருந்து' என்ற சொல்லை முடிப்பதற்குள் வரியின் ஆரம்பம் மறந்துபோகிறது. அப்புறம் "என்னடா புரிந்தது?" என்றால் அவன் என்ன சொல்வான்?

இங்கிலீஷில் வேறு மாதிரி. முதல் எழுத்தைப் பார்த்து அடித்துவிடுகிறான். 'ஹவுஸ்' இருந்த இடத்தில் 'ஹார்ஸ்' என்றான். நம் எழுத்தைக் கூட்டினால் சொல் ஏறக்குறைய வந்துவிடும். அங்கே 26 எழுத்தை வைத்துக்கொண்டு 44 ஒலிகளைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு கன்னடமும் இந்தியும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லவில்லை.

அடுத்த நாள் நீர்ச் சுழற்சிப் பாடத்தை நானே வாசித்தேன். அவன் தரையில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டான். முடித்ததும் ஆவியாவதிலிருந்து மழை வரைக்கும் ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னான். அதோடு விடவில்லை. "கடல்தண்ணி மேலே போகுதுன்னா உப்பு மட்டும் ஏன் ஆச்சி போகல?" என்றான். எத்தனை வருஷம் அந்தப் பாடத்தை நடத்தியிருப்பேன், ஒரு பிள்ளை என்னிடம் அதைக் கேட்டதில்லை. அந்த மூளை உன் மூளை. பெருமையாகத்தான் இருந்தது.

இதில்தான் விஷயமே இருக்கிறது. 1986-ல் காஃப், டன்மர் என்று வாசிப்பை ஆராய்ந்த இரண்டு பேர் ஒரு கணக்கு சொன்னார்கள். வாசித்துப் புரிவது என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறமையை, காதால் கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறமையால் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று சின்னதாக இருந்தால் மற்றது எவ்வளவு பெரிதாக இருந்தும் விடை சின்னதாகத்தான் வரும். முத்துவுக்குக் கேட்டுப் புரிவது நன்றாகவே இருக்கிறது, எழுத்தில்தான் இழுக்கிறது. நீயோ டியூஷனுக்கு அனுப்பிக் கேள்வி பதிலை உருப்போட வைக்கிறாய். அது இரண்டில் எதையும் வளர்க்காது. மாப்பிள்ளை 'சோம்பேறி' என்று சொன்னாராம். முத்துதான் சொன்னான், நானாகக் கேட்கவில்லை. சோம்பேறிப் பிள்ளை 'கெ'யிலிருந்து 'கொ'வுக்குத் திரும்பி வரமாட்டான், அப்படியே தாண்டிப் போய்விடுவான்.

அதனால் முதல் காரியம், யார் முன்னாலும் அவனை உரக்க வாசிக்கச் சொல்லாதே. விருந்தாளி வந்தால் சொல்லவே சொல்லாதே. தனியாக இருக்கும்போது நீயும் அவனும் சேர்ந்தே வாசியுங்கள். உன் குரல் அவன் குரலுக்கு அரைச் சொல் முன்னால் போகட்டும். அவன் தொடையைத் தட்டினால் நீ நிறுத்திவிடு, அவன் தனியாகப் போவான். தடுக்கினால் மறுபடி சேர்ந்துகொள். திட்டாதே, "நேற்றுதானே சொன்னேன்" என்றும் சொல்லாதே. சின்னப் பத்தியாக எடுத்து, அதையே இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்ப வாசிக்கட்டும். நாளுக்கு ஒரு புதுப் பாடம் என்று ஓடவேண்டாம். ஒரே பத்தி மூன்றாம் நாள் சரளமாக வரும்போது அவன் முகத்தைப் பார், அப்போது புரியும் நான் ஏன் சொன்னேன் என்று.

நீளமான சொல்லுக்கு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைக் கத்தரித்து அட்டையாக வைத்துக்கொள். பள்ளிக், கூடத்தில், இருந்து. மூடி மூடித் திறந்து காட்டு. செயல்வழிக் கற்றல் வந்தபோது வகுப்பு முழுக்க அட்டைதான், எங்களுக்கு வராத எரிச்சலா! ஆனால் தன் வேகத்தில் ஏறவேண்டிய பிள்ளைக்கு அது நல்லது செய்தது. அதை இப்போதும் சொல்வேன்.

இன்னொன்று, அவன் எழுத்து தேறும்வரைக்கும் அறிவு காத்திருக்கக் கூடாது. அறிவியல், சமூக அறிவியல் பாடங்களை நீ வாசித்துக் காட்டு, அவன் வாயால் பதில் சொல்லட்டும். தலைப்பையும் படத்தையும் முதலில் காட்டி "இதில் என்ன வரும்?" என்று கேள். ஒரு பத்தி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அவன் சொந்த வார்த்தையில் சொல்லட்டும். பிறகு அவன் உன்னை ஒரு கேள்வி கேட்கவேண்டும். நன்னூலில் பவணந்தியார் பாடம் படிக்கும் முறையைச் சொன்னபோது கேட்டவை நினைத்தல், வினாதல், வினாயவை விடுத்தல் என்று அடுக்கியிருக்கிறார். உனக்கு ஒன்பதாவதில் சொல்லிக்கொடுத்தேன், நீ தூங்கிவிட்டாய்.

தினத்தந்தியில் கிரிக்கெட் பக்கத்தை மட்டும் அவன் தடுமாறாமல் வாசித்தான், கவனித்தாயோ? 'விக்கெட்', 'ரன் அவுட்' எல்லாம் அவனுக்கு முன்பே தெரியும், அதனால் கண் எளிதாகப் பிடித்துக்கொள்கிறது. 1988-ல் அமெரிக்காவில் பேஸ்பால் பற்றிய ஒரு பத்தியைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசித்தும் அந்த ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிடக் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். ஆகவே அவனை மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போ, பேசு, மெக்கானிக் கடையில் நிற்கவை. டியூஷனை நிறுத்து என்று நான் சொல்லவில்லை, அது உங்கள் இருவர் முடிவு. ஆனால் நிறுத்து.

உரக்க வாசிக்கச் சொல்லாதே என்று எழுதினேனா? எழுதிவிட்டேன். இருந்தாலும் இன்னொரு தடவை சொல்கிறேன்.

ராஜபாளையம் மாமாவை நினைத்துப் பார். இன்றைக்கும் பஸ் போர்டைப் படிக்காமல் கலரைப் பார்த்துத்தான் ஏறுவான். லேத்தில் நூல் பிசகாமல் கடைந்து கொடுக்கிறான். இந்த வாசிப்புத் தடுமாற்றம் குடும்பத்தில் வருவது உண்டு. சம்பந்தியம்மா "உங்க பக்கத்துலேருந்து வந்தது" என்று சொன்னால் "ஆமா, லேத்து வேலையும் அங்கேயிருந்துதான் வரும்" என்று சொல். நீ சொல்லமாட்டாய். வேண்டுமானால் நான் வந்து சொல்கிறேன்.

பள்ளியில் கூப்பிட்டு என்ன சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. முத்துவும் சொல்லவில்லை, "ஒரு ஆன்ட்டி கட்டையெல்லாம் அடுக்கச் சொன்னாங்க, நம்பர் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க" என்று மட்டும் சொன்னான். அது கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கும் பரீட்சை என்று எனக்குத் தெரியாதா, பாப்பா? உன் அம்மா வாத்திச்சி. அதில் ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறார்கள். சி.பி.எஸ்.இ. பரீட்சையில் கூடுதல் நேரம் உண்டு, எழுதிக்கொடுக்க ஆள் வைக்கலாம், மூன்றாம் மொழிக்கு விலக்குக் கேட்கலாம். ஆனால் கையில் அதற்கான சான்றிதழ் வேண்டும். பத்தாவது வந்தபிறகு அலைவதைவிட இப்போதே வாங்கி வைப்பது நல்லது.

கருப்பட்டியும் சீவலும் பஸ்ஸில் போட்டு விடுகிறேன், பெங்களூர் சில்க் போர்டு தாண்டினதும் டிரைவர் போன் பண்ணுவார், அதையாவது எடு. அந்த ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. எல்லாப் பக்கமும் வேண்டும், கடைசிப் பக்கம் மட்டும் போதாது. அப்பாவிடம் சொல்லமாட்டேன். அவரே நேற்று கேட்டார், "பாப்பா ரிப்போர்ட் அனுப்பிச்சாளா?" என்று.

இப்படிக்கு,
அம்மா
கோவில்பட்டி