மீனாட்சியம்மை பாடிய பாட்டு

அட்டன்,
இலங்கை மலையகம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்தது. பேரன் பிறந்த செய்தியை வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன். இங்கே ஒரு வாரமாக மழை விடவில்லை, பகலிலேயே லைட் போட்டுக்கொண்டுதான் பஸ் ஓடுகிறது. மற்றபடி எல்லாரும் சுகம்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காகப் பத்திரிகை நடத்திய நடேசய்யரைப் பற்றிப் போன தடவை எழுதியதற்கு நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: பத்திரிகைக்காரர் என்று கொண்டாடுகிறாயே, அந்தக் காலத்தில் நம்ம தோட்டத்துச் சனத்தில் எத்தனை பேருக்கு வாசிக்கத் தெரியும்? நியாயமான கேள்வி. மூன்று நாளாக இதே யோசனைதான்.

மனுஷன் தஞ்சாவூர்க்காரர். வியாபாரிகள் சங்க வேலையாகக் கொழும்புக்கு வந்தவர், தோட்டத்துச் சனம் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்க ஆசைப்பட்டார். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குப் போடும் காலம் அது. அதனால் புடவை வியாபாரியாக வேஷம் போட்டு, தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போனார். அதற்கப்புறம்தான் பத்திரிகை: 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்'. பார்த்தவன் எழுதுவதும் கேள்விப்பட்டவன் எழுதுவதும் ஒன்றாகுமா? தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவோடு சேர்ந்து கொழும்புத் தொழிற்சங்கத்தில் இருந்தார், குணசிங்கா இந்தியத் தொழிலாளிகளுக்கு எதிராகத் திரும்பியதும் விலகிவிட்டார். 1931இல் இங்கே அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார், 1936இல் இதே அட்டன் தொகுதியிலிருந்து அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குப் போனார்.

சரி, வாசிப்புக்கு வருகிறேன். எங்கள் தாத்தாவை உனக்கு ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை லயத்து அறையான காம்பரா வாசலில் குப்பி விளக்கை வைத்துக்கொண்டு பேப்பர் வாசிப்பார். வரிக்குக் கீழே விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போவார், தெரியாத சொல் வந்தால் தொண்டையைச் செருமிவிட்டுத் தாண்டிவிடுவார். சுற்றி பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். சம்பளம் என்ற சொல் வந்தால் போதும், "திரும்ப வாசிங்க" என்று ஏதாவது ஒரு பெண்ணின் குரல் வரும். அது நடேசய்யரின் பேப்பர் இல்லை, அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகியிருக்கும். ஆனால் ஒரு பேப்பரை ஒரு லயமே கேட்கும் என்பதை நீயும் நானும் அந்த வாசலில்தானே பார்த்தோம்?

கேட்கிறவர்களுக்கென்றே எழுதியவர் மீனாட்சியம்மை. நடேசய்யரின் மனைவி. அந்த அம்மாளைப் பற்றி நாம் இவ்வளவு குறைவாகப் பேசுவது எனக்கு மனசு ஆறவில்லை மச்சான். 'தேசபக்தன்' வேலையிலும் அவர் பங்கு உண்டு, பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே எழுதினார். கூட்டங்களில் சனத்துக்குப் பழகிய மெட்டில் பாடினார். 1940இல் அந்தப் பாட்டுகள் புத்தகமாகவும் வந்தன. அச்சில் இருப்பதை வேலையை மேற்பார்க்கிற கங்காணி பிடுங்கிக் கிழிக்கலாம், கொழுந்து கிள்ளிக்கொண்டே முணுமுணுக்கிற பாட்டை எப்படிப் பிடுங்குவான்?

1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்து, 1929இல் மலைநாட்டுக்கு நாட்கூலி நிர்ணயித்தார்கள்: ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. முப்பதுகளில் தேயிலை விலை விழுந்ததும் அதிலேயும் கை வைத்தார்கள். அந்த 43 சதம் எங்கள் பாட்டியின் கூலி. கொழுந்துச் சாறு பட்டுக் கறுத்துப்போன அவர் விரல்களை நினைத்துக்கொண்டு அந்த எண்ணைப் பார்த்தால் எனக்குப் புத்தகத்தை மூடிவைக்கத்தான் தோன்றுகிறது.

நடேசய்யர் 1947 நவம்பரில் இறந்தார். அடுத்த வருஷமே நம்ம சனத்தில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்துவிட்டது. அதன் வால்தான் நம்மில் பலரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசும் போட்ட 1964 ஒப்பந்தம், அதன் வால்தான் அட்டன் ஸ்டேஷனில் தகரப் பெட்டியோடு நீ நின்ற அந்த இரவு. அன்றைக்கு உன் அம்மா அழவே இல்லை, எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். சாமி பாட்டு என்று நினைத்தேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது. சின்ன வயதில் மீனாட்சியம்மை பாடிக் கேட்டதாக ஒரு தடவை அவர்கள் சொன்னார்களே?

உன் அக்காவுக்கு அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கும். நாலு வரி என்றாலும் பரவாயில்லை, கோத்தகிரிக்கு அவர் வரும்போது போனில் பாடச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பு. மெட்டு தப்பினாலும் நிறுத்த வேண்டாம் என்று சொல்.

உன் பழைய கூட்டாளி